மதுரை வீட்டுக் கணக்கு: சிக்கனம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் குடும்பம் நடத்துகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. எடுத்துக்காட்டுக்குச் சொல்லியிருக்கும் கடை விலைகளை உங்கள் தெருக்கடை விலையோடு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் வழி மாறாது.

சம்பளம் வந்த பத்தாம் நாளே கை காலியாகிவிடுகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி அடுப்படியில் ஆணியடித்துத் தொங்கவிடுங்கள். பேனாவையும் நூலில் கட்டிவிடுங்கள். பால், பூ, ஆட்டோ என்று அன்றன்றைக்கு ஆன செலவை அன்றே எழுத வேண்டும். ஒரு மாதம் எழுதினால் போதாது. கரண்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, சிலிண்டர் நாற்பது ஐம்பது நாள் ஓடுகிறது, முகூர்த்த மாதத்தில் செய்முறை (சொந்தபந்தங்களின் விசேஷத்துக்கு எழுதும் மொய்) மொத்தமாக வந்து விழுகிறது. மூன்று மாதம் எழுதினால்தான் வீட்டின் உண்மையான செலவு தெரியும்.

எழுதி முடித்ததும் செலவைப் பிரியுங்கள். தினச் செலவு, மாதச் செலவு, வருடத்தில் ஒன்றிரண்டு முறை வரும் செலவு (பள்ளிக் கட்டணம், வண்டி இன்சூரன்ஸ், வீட்டு வரி, தீபாவளித் துணி), கடைசியாக வட்டியும் செய்முறையும். வருடச் செலவைப் பன்னிரண்டால் வகுத்து மாதச் செலவோடு சேர்த்துப் பார்த்தால் பல வீடுகளில் சம்பளத்தைத் தாண்டிவிடும். பற்றாக்குறை அங்கேதான் இருக்கிறது.

டீக்கடையில் குடிக்கும் இரண்டு டீயை நிறுத்தலாமா என்று எல்லோரும் யோசிக்கிறார்கள். டீயைப் பிறகு பார்ப்போம். எந்தக் கடன், எந்த நகை, எந்த ஃபேன், எவ்வளவு செய்முறை என்று ஒரே ஒரு தடவை எடுக்கும் முடிவுகள்தான் மாதக்கணக்கில் பணத்தை இழுக்கின்றன. முதலில் அவற்றைப் பிடியுங்கள்.

தண்டல்காரரிடம் வாங்கிய பணத்துக்கு உண்மையில் என்ன வட்டி?

10,000 ரூபாய் தண்டல் என்றால் வழக்கமான ஒரு கணக்கு இது. கையில் 8,500 தருவார். நீங்கள் தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "ஆயிரத்து ஐந்நூறுதானே வட்டி, பதினைந்து சதவீதம்தானே" என்று தோன்றும். ஆனால் 8,500 ரூபாய் உங்களிடம் நூறு நாளும் இருக்கவில்லை. முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டீர்கள். ஐம்பதாம் நாளில் பாதிக்கு மேல் அவர் கைக்குப் போயிருக்கும். இதைச் சரியாகப் போட்டால் வருடத்துக்கு 120 சதவீதத்தை ஒட்டி வரும். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் அது பத்து வட்டி.

மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று, வருடம் 36 சதவீதம். வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் நகையை வைத்தால் பெரும்பாலும் ஒரு வட்டிக்குள், அதாவது வருடம் 12 சதவீதத்துக்குள் முடியும். அதனால் வீட்டில் இரண்டு பவுன் சும்மா இருக்க, தண்டலும் ஓடிக்கொண்டிருந்தால், நகையை வங்கியில் வைத்துத் தண்டலை அடைப்பதுதான் முதல் சிக்கனம். அடைத்த மறுநாளிலிருந்து அதே 100 ரூபாயைத் தினம் ஒரு டப்பாவில் போட்டு, மாதம் 3,000 என்று நகைக்கடனில் கட்டுங்கள். தினம் கட்டும் பழக்கம் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது. அதை விடாதீர்கள்.

நகையை அடகு வைக்கும்போது, மீட்பதற்கான தேதியை ரசீதின் பின்னால் பெரிதாக எழுதி வையுங்கள். வருடக் கெடு தாண்டி, வட்டியும் கட்டாமல் விட்டால் ஏலத்துக்குப் போகும். வட்டியை மட்டுமாவது கட்டி மாற்றி வைப்பதற்கு ஒரு வாரம் முன்பே போங்கள்.

மீட்டர் வட்டி, கந்து வட்டி என்று மிரட்டுகிற நிலை வந்திருந்தால், தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்திலும் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம்.

செய்முறை எழுதியே கடன் ஏறுகிறது. குறைத்தால் சொந்தம் போய்விடும். என்ன செய்வது?

மதுரை, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் குடும்பச் செலவில் கனமான வரி இதுதான். இதைச் செலவு என்று மட்டும் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. செய்முறையில் பாதி, நீங்கள் வாங்கிய வட்டியில்லாக் கடனைத் திருப்பித் தருவது. மீதி, பிற்பாடு வரப்போகும் பணம். எனவே இதைக் கடன் கணக்கு மாதிரியே வைக்க வேண்டும்.

உங்கள் வீட்டு விசேஷத்தில் எழுதிய மொய் நோட்டை எடுங்கள். அது வந்தவர் வரிசையில் இருக்கும், தேடினால் கிடைக்காது. கம்ப்யூட்டர் மொய் போட்டிருந்தால் ஊர் வாரியாக அச்செடுத்துத் தந்திருப்பார்கள். கையால் எழுதியது என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஊர் வாரியாகப் பிரித்து வேறு நோட்டில் எழுதுங்கள். ஊர், பெயர், அவர் செய்தது, நாம் திருப்பிச் செய்த தேதி, தொகை. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் தகப்பனார் பெயரையும் பட்டப்பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். ஆள் மாறிச் செய்து, உண்மையான ஆள் வருத்தப்படுவது இங்கே சாதாரணமாக நடக்கிறது.

அடுத்து, பத்திரிகை வந்ததும் நோட்டைப் பாருங்கள். நாம் வாங்கியது 1,000 என்றால் அதைத் திருப்புவது கடமை. மேலே கூட்டிச் செய்வதுதான் நம் கையில் இருக்கிறது. கூட்டிச் செய்த தொகை அவர் தலையில் கடனாக ஏறும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வீடும் மாறி மாறிக் கூட்டிக்கொண்டே போனால் நாலாவது விசேஷத்தில் இரண்டு வீட்டுக்கும் மூச்சு முட்டும். நூறு இருநூறு கூட்டி நிறுத்துவதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

போன வருடம் மொத்தம் எவ்வளவு செய்தீர்கள் என்று கூட்டுங்கள். அது 36,000 வந்தால் மாதம் 3,000. அந்தத் தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். ஆடியும் மார்கழியும் பெரும்பாலும் ஓய்வு மாதங்கள். அந்த இரண்டு மாதமும் ஒதுக்கீட்டை நிறுத்திவிடாமல் போட்டால்தான் தை முகூர்த்தமும் ஆவணி முகூர்த்தமும் தாங்கும்.

போட்ட செய்முறையை வசூலிக்கக் கடன் வாங்கிக் காதுகுத்து வைப்பது பற்றியும் கேட்கிறார்கள். மண்டபம், கறிச்சாப்பாடு, பந்தல், மைக் செட், பத்திரிகை எல்லாம் போக மிஞ்சுவதைக் கூட்டிப் பாருங்கள். மிஞ்சியதிலும் ஒரு பங்கு புதுச் செய்முறை, அதாவது நாளைக்கு நீங்கள் திருப்ப வேண்டியது. பழைய பாக்கி எவ்வளவு திரும்பும் என்று நோட்டைப் பார்த்துக் கணக்கெடுத்து, அது விசேஷச் செலவைத் தாண்டினால் மட்டும் நடத்துங்கள்.

தாய்மாமன் சீர் வேறு. அதில் பேச்சுதான் காசை மிச்சப்படுத்தும். அக்கா தங்கச்சியிடம் இரண்டு மாதம் முன்பே உட்கார்ந்து, "தட்டு எண்ணிக்கை, மேளம், வெடி, பேனர் இதெல்லாம் வேண்டாம்த்தா, அந்தக் காசைப் பிள்ளை பேரில் நகையாகவே செய்துவிடுகிறேன்" என்று கேளுங்கள். அநேகமாக அவர்களுக்கும் அதுதான் விருப்பமாக இருக்கும்.

கரண்டு பில் திடீரென்று எகிறுவது ஏன்?

வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங். முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலைக் கட்டணப்படி, மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட் 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய், 101 முதல் 400 வரை எல்லாமே 4.70 ஆகிவிடும். 501 முதல் 600 வரை 8.40.

சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,805 ரூபாய். 510 ஓடியிருந்தால் 2,124. கூடுதலாக ஓடிய பத்து யூனிட்டின் விலை 319 ரூபாய். 480-க்கும் 540-க்கும் நடுவில் ஊசலாடும் வீடுகள் மதுரையில் நிறைய. அவர்கள் பார்க்க வேண்டியது இந்தக் கோட்டைத்தான்.

ரீடிங் எடுத்த தேதியையும் எண்ணையும் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். 45ஆம் நாள் மீட்டரைப் பாருங்கள். மீட்டரில் பல எண்கள் மாறி மாறி வரும். கிலோவாட் மணி (kWh) என்ற குறியோடு வருவதுதான் உங்கள் யூனிட். அதற்குள் 375-ஐத் தாண்டியிருந்தால் இந்த வேகத்தில் 500 தாண்டும். மீதிப் பதினைந்து நாளில் ஏசியை ஒரு மணி நேரம் குறைக்கலாம், இஸ்திரியை வாரம் ஒருமுறை மொத்தமாகப் போடலாம்.

எந்தப் பொருள் உண்மையில் கரண்டை இழுக்கிறது?

பழைய சீலிங் ஃபேன் 75 வாட் எடுக்கும். பிஎல்டிசி (BLDC) என்று விற்கும் புது வகை மோட்டார் ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். மதுரை வெயிலுக்குத் தினம் 15 மணி நேரம் ஓடும் ஃபேன் என்றால், மாற்றினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம், 4.70 வீதம் 190 ரூபாய். சாதாரண ஃபேனைவிட 1,500 ரூபாய் கூடக் கொடுத்தாலும் எட்டு பில்லில் திரும்பிவிடும். ஆனால் விருந்தாளி வந்தால் மட்டும் ஓடும் அறை ஃபேனை மாற்றினால் பத்து வருடம் ஆனாலும் காசு திரும்பாது. ஹாலிலும் படுக்கையறையிலும் மட்டும் மாற்றுங்கள்.

ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று புது ஃபேன் வாங்காதீர்கள். பெரும்பாலும் கெபாசிட்டர் போயிருக்கும். 2.5 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் ஐம்பது ரூபாய் சமாச்சாரம். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றினால் பத்து நிமிடம்.

டிவி பெட்டியை ரிமோட்டில் மட்டும் அணைத்தால் செட்டாப் பாக்ஸ் 10 வாட் அளவில் இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு மாதத்தில் 14 யூனிட். சுவர் சுவிட்சை அணையுங்கள். 1 எச்.பி. மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். மேல்தொட்டி நிரம்பி வழிந்து தினம் அரை மணி வீணாக ஓடினால் 30 யூனிட் போச்சு. தொட்டி நிரம்பினால் சத்தம் போடும் அலாரம் மாட்டுங்கள். மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறத் தாமதமானால் உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு கசியலாம்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது, குளிர் வெளியேறுகிறது. ரப்பரை மட்டும் மாற்றலாம். ஏசியை 26-ல் வைத்து ஃபேனையும் ஓடவிடுங்கள். ஒவ்வொரு டிகிரி கூட்டுவதற்கும் 6 சதவீதம் அளவுக்கு மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு.

கேஸ் சிலிண்டர் கூடுதல் நாள் வர என்ன வழி?

வாங்கும்போதே எடை போடச் சொல்லுங்கள். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் வெறும் எடை எழுதியிருக்கும். அது 15.3 கிலோ என்றால், 14.2 கிலோ கேஸ் சேர்த்து 29.5 வர வேண்டும். டெலிவரி செய்பவர் தராசு கொண்டுவர வேண்டும் என்பது விதி.

தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் பால் பொங்கி பர்னர் ஓட்டை அடைத்திருக்கிறது. பர்னரைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஊசியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். துவரம் பருப்பை ஒரு மணி நேரம், அரிசியை அரை மணி நேரம் ஊறவையுங்கள். குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு பெரிய தீ வைத்தால் ஆவிதான் வெளியே போகும், உள்ளே சூடு ஏறாது.

மாவு கடையில் வாங்குவது லாபமா, வீட்டில் ஆட்டுவதா?

ஒரு கிலோ இட்லி அரிசி, 250 கிராம் முழு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். இதற்கு மூன்று கிலோவுக்குக் குறையாமல் மாவு காணும். அரிசி 45, உளுந்து 33, கிரைண்டர் ஓடும் மின்சாரம் ஒரு ரூபாய்க்குள். ஆக 80 ரூபாய்க்குள், கிலோ 27-க்குக் கீழே. கடையில் கிலோ 45 என்றால் வாரம் 55 ரூபாய் மிச்சம், வருடத்துக்கு 2,800-க்கு மேல். ரேஷன் புழுங்கலரிசியைப் பாதிக்குப் பாதி கலந்தால் இன்னும் குறையும்.

மாவு குறைவாகக் கண்டால் உளுந்தில்தான் பிழை. உளுந்தை அளவுக்கு மேல் ஊறவைத்தால் மாவு குறைவாகக் காணலாம். ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றினால் உளுந்து கல்லுக்கடியில் சிக்காமல் வழுக்கிக்கொண்டு ஓடும். குளிர்ந்த தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்து அரை மணி நேரம் ஆட்டுங்கள். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். முதலில் அரிசியை ஆட்டினால் கல் சூடேறி உளுந்து கெடும், ஆகையால் உளுந்தை முதலில் ஆட்டுங்கள்.

சித்திரை, வைகாசியில் ஆறு மணி நேரத்திலேயே பொங்கிவிடும். இரவு முழுக்க வெளியே விட்டால் காலையில் புளிப்பு. பொங்கியதும் இரண்டு மூன்று சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வைத்து, ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை எடுங்கள். மொத்த மாவையும் தினம் வெளியே எடுத்து உள்ளே வைத்தால் மூன்றாம் நாளே புளித்துவிடும். இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் பாதி மாவு கொட்டப்படுகிறது என்றால் அரைக் கிலோ அரிசிக்கு ஆட்டுங்கள், அல்லது கடை மாவே வாங்குங்கள். அதில் தப்பில்லை.

காய்கறி எங்கே, எப்போது வாங்கலாம்?

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில்தான் திறந்தது. தரகு கிடையாது, விவசாயியே விற்கிறார், அன்றைய விலை பலகையில் இருக்கும். வாசலில் பலகையைப் படித்துவிட்டு உள்ளே போங்கள். கீரையும் பிஞ்சுக் காயும் வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்குள். முற்றினாலும் பரவாயில்லை, சாம்பாருக்குத்தான் என்றால் சந்தை முடியும் நேரத்தில் போனால் விலை படியும்.

தெருவில் கூறு கட்டி விற்பதை ஒருமுறை வாங்கி வீட்டில் எடை போட்டுப் பாருங்கள். சில நாள் சந்தையைவிட மலிவாக இருக்கும், சில நாள் ஒன்றரை மடங்கு. மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு ஆட்டோ பிடித்துப் போய் மூன்று கிலோ காய் வாங்குவதில் லாபமில்லை. நாலு வீடு சேர்ந்து வாங்கிப் பிரித்தால் உண்டு.

மலிவாகக் கிடைத்ததை அழுகவிட்டால் அதுதான் விலை கூடிய காய். கீரையைக் கழுவாமல் ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள், கிழங்கு முளைவிடும். சின்ன வெங்காயத்தைக் காற்றோட்டமாகப் பரப்பி வையுங்கள்.

மல்லிகைப்பூ விசேஷத்துக்கு வேண்டுமென்றால் தேதியைப் பாருங்கள். மார்கழி, தைக் குளிரில் மொட்டு குறைந்து கிலோ ஆயிரங்களில் போகும். வெயில் காலத்தில் வரத்துக் கூடி இறங்கும். தை முகூர்த்தத்தில் மேடை அலங்காரத்துக்குச் செவ்வந்தி, அரளி வைத்துவிட்டு, மல்லியைப் பெண்ணின் தலைக்கு மட்டும் வைத்தால் போதும்.

மளிகைச் சாமானை மொத்தக் கடையில் வாங்கலாமா?

கீழமாசி வீதியில் வாங்கினால் பருப்பு, மிளகாய், மல்லி, புளி, சீரகத்தில் நிச்சயம் குறையும். வருடத்துக்கான மிளகாய், மல்லி, புளியை வரத்துக் காலத்தில், மாசி பங்குனியில் வாங்கிச் சித்திரை வெயிலில் காயவைப்பது நம் வீடுகளின் பழைய வழக்கம், இன்றைக்கும் சரிதான். துவரம் பருப்பு மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். ரவை, மைதா, கடலை மாவு மாதத்துக்கு மட்டும். அவற்றில் வண்டு விழுந்தால் சலித்தாலும் வாடை போகாது.

அரிசி மூட்டையில் ஒரு விஷயம். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரைக்குமான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. அதனால்தான் 26 கிலோ மூட்டைகள் வந்தன. 25 கிலோ மூட்டை விலையையும் 26 கிலோ மூட்டை விலையையும் அப்படியே ஒப்பிடாமல் கிலோவுக்கு வகுத்துப் பாருங்கள். புது அரிசி மலிவாக இருந்தாலும் சோறு குழையும், உபரி காணாது. ஒரு வருடப் பழைய அரிசிக்குக் கிலோவுக்கு மூன்று நான்கு ரூபாய் கூடக் கொடுப்பது வீண் இல்லை.

எண்ணெய் பாக்கெட் எல்லாம் ஒரு லிட்டர் மாதிரியே இருக்கும், உள்ளே 800 அல்லது 850 மில்லிதான் இருக்கலாம். 850 மில்லி 150 ரூபாய் என்றால் லிட்டர் 176. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம். பாக்கெட்டில் கிராமில் போட்டிருந்தால் இதை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

செக்கில் ஆட்டிக்கொண்டால் மலிவா என்றால், இல்லை. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டரைக் கிலோ அளவுக்குப் பருப்பு வேண்டும், கூலி வேறு. புண்ணாக்கை விற்றாலும் பாக்கெட் எண்ணெய் விலைக்கு வராது. சுத்தத்துக்காகவும் ருசிக்காகவும் ஆட்டுங்கள், தாராளமாக. சிக்கனம் என்ற கணக்கில் சேர்க்காதீர்கள்.

ரேஷனில் எதை விடக் கூடாது?

கிலோ 30 ரூபாய்த் துவரம் பருப்பும், லிட்டர் 25 ரூபாய்ப் பாமாயிலும். வெளிச் சந்தை விலையோடு பார்த்தால் இரண்டிலும் சேர்த்து மாதம் நூறு ரூபாய்க்குக் குறையாமல் மிச்சம். மாதக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். வாங்கியதும் வரும் குறுஞ்செய்தியைக் கடை வாசலிலேயே படியுங்கள். வாங்காத பொருளுக்குப் பில் விழுந்திருந்தால் அங்கேயே கேளுங்கள், சரியாகவில்லை என்றால் 1967-க்குப் போன் செய்யுங்கள்.

நகைச்சீட்டு லாபமா?

முதலில் நகையின் கணக்கு. கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பவுன், எட்டுக் கிராம், 80,000. சேதாரம் 12 சதவீதம் என்றால் 9,600. இரண்டுக்கும் சேர்த்து ஜிஎஸ்டி 3 சதவீதம், 2,688. மொத்தம் 92,288. மறுநாளே விற்றால் 80,000-க்கு மேல் கிடைக்காது. ஆக, தெற்காவணி மூல வீதியில் கடை கடையாக ஏறி இறங்குவது சேதாரத்தைக் குறைக்கத்தான். தங்கத்தின் அன்றைய விலை எல்லாக் கடையிலும் ஏறத்தாழ ஒன்றே.

நகைச்சீட்டு பதினொரு மாதமாக இருப்பதற்குக் காரணம், நிறுவனங்கள் பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்ற விதி. லாபம் என்பது சேதாரத் தள்ளுபடிதான், வட்டி இல்லை. சேருமுன் மூன்று கேள்வி கேளுங்கள். மாதாமாதம் கட்டும் பணம் அன்றைய விலைக்குக் கிராமாக வரவு வைக்கப்படுமா, ரூபாயாகவே இருக்குமா? சேதாரத் தள்ளுபடி எத்தனை சதவீதம் வரை, எந்த நகைகளுக்குக் கிடையாது? நடுவில் நின்றால் என்ன கிடைக்கும்? பதிலை அட்டையில் எழுதி வாங்குங்கள். விலை ஏறும் காலத்தில் ரூபாய்ச் சீட்டில் சேர்ந்தவர் நஷ்டப்படுவார்.

வாங்கும்போது நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யூஐடி (ஒவ்வொரு நகைக்கும் உள்ள தனி அடையாள) எண் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாமல் விற்கக் கூடாது. பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் விவரம் வரும். கல் வைத்த நகையில் கல்லின் எடையைக் கழித்த எடைக்குத்தான் தங்க விலை.

பக்கத்து வீட்டு அக்கா நடத்தும் தீபாவளிச் சீட்டில் சேரலாமா?

அந்த அக்கா நல்லவராகவே இருக்கலாம். அவரிடம் வாங்கியவர் ஓடிவிட்டால் அவர் என்ன செய்வார்? எதுவும் எழுத்தில் இல்லை என்றால் சட்டப்படிக் கேட்கவும் வழி குறைவு. அதே வாரத் தொகையை வங்கியில் 12 மாத ஆர்.டி.யாகப் போட்டு ஐப்பசியில் முடியும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஏலச்சீட்டு என்றால் பதிவு பெற்றதா என்று பாருங்கள். நடத்துபவரின் கழிவு 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

சின்னச் சின்ன மிச்சங்கள் ஏதும் உண்டா?

உண்டு. சொத்து வரியை அரையாண்டின் முதல் மாதமான ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை. 28 நாள் ரீசார்ஜ் வருடத்துக்குப் பன்னிரண்டு இல்லை, பதின்மூன்று. திட்டங்களை நாளுக்கு எவ்வளவு என்று வகுத்து ஒப்பிடுங்கள். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் கட்டணமில்லை. பெரியார் நிலையத்துக்கு வேலைக்குப் போகிறவர் ஷேர் ஆட்டோவுக்கு ஒரு பக்கம் 20 ரூபாய் கொடுத்தால் 26 நாளுக்கு 1,040. பத்து நிமிடம் முன்னால் கிளம்பினால் அது கையில் இருக்கும்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்குப் புத்தகமும் இடமும் வேண்டுமென்றால் நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, 2023 ஜூலையில் திறந்தது. தனியார் படிப்பறைக்கு மாதக் கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு வாரம் அங்கே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

சுகர், பிரஷர் மாத்திரைச் செலவைக் குறைக்க முடியுமா?

டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைக் குறைப்பதோ, ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவதோ கூடவே கூடாது. அதில் மிச்சம் பிடித்த காசு ஆஸ்பத்திரிக்குப் பத்து மடங்காகப் போகும். குறைக்க வேண்டியது விலையை. அட்டையில் கம்பெனி பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் இருக்கும். அதைச் சீட்டில் எழுதிக்கொண்டு, அதே மருந்து, அதே அளவில் மக்கள் மருந்தகத்திலோ 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ கேளுங்கள். "எஸ்.ஆர்.", "எக்ஸ்.ஆர்." என்று பெயருக்குப் பின்னால் இருந்தால் அதுவும் பொருந்த வேண்டும், அது மெதுவாகக் கரையும் வகை. தைராய்டு, வலிப்பு மாத்திரைகளில் கம்பெனியை மாற்றுவதற்கு முன் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். புது அட்டையை முதல் தடவை பத்து மாத்திரை மட்டும் வாங்கி, டாக்டரிடம் காட்டி ஒப்புக்கொண்ட பிறகு மாதத்துக்கு வாங்குங்கள்.